கோண்ட்ராஷின்: ஒரு தொலைபேசி அழைப்பும் இரண்டு பாடகர்களும்

சோவியத் இசைநடத்துநர்கள் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படும் பெயர் யெவ்கெனி மிராவின்ஸ்கி. லெனின்கிராட் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை 1938-லிருந்து 1988-ல் சாகும்வரை, ஐம்பது வருடம், ஒரே ஆள் கட்டி ஆண்டார். அடுத்து ஸ்வெட்லானோவ், ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி என்று பட்டியல் போகும். இந்தப் பட்டியலில் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் கிரில் கோண்ட்ராஷின் (1914–1981).

அவர் ஏன் பின்னால் போனார் என்பதற்கு எளிமையான காரணம் உண்டு. 1978-க்குப் பிறகு அவர் பெயரைச் சொல்வதே சோவியத் யூனியனில் நிறுத்தப்பட்டது. மேற்கில் முழுசாக நிலைபெறுவதற்குள் இறந்துபோனார். இரண்டு பக்கமும் முழுமையாகச் சொந்தம் கொண்டாடவில்லை.

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். கண்டக்டர் என்றால் நமக்கு விசில் வைத்திருக்கும் பஸ் கண்டக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார்; தமிழில் நடத்துநர் என்று எழுதினாலும் அதே ஆள்தான். ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் செய்யும் வேலை வேறு. நூறு பேர் வாசிக்கும்போது எந்த வேகம், எங்கே யார் அடக்கி வாசிப்பது, எங்கே ஏறுவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். மேடையில் கைவீசுவது அந்த வேலையின் கடைசி ஒரு மணி நேரம் மட்டும். மிச்சமெல்லாம் ஒத்திகை, திட்டம், ஆள் சேர்ப்பது. சோவியத் நாட்டில் இதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: எந்த இசையை வாசிக்க விடுவார்கள், எதை விடமாட்டார்கள் என்று அமைச்சகத்தோடு மல்லுக்கட்டுவது. கோண்ட்ராஷினின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி வேலை முக்கியம்.

ஆர்கெஸ்ட்ராவுக்குள் பிறந்தவர்

1914 மார்ச் 6, மாஸ்கோ. அப்பா அம்மா இருவருமே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர்கள். பிரபல தனிக்கலைஞர்கள் இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வாசிக்கும் ஆட்கள். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடையில் நிற்பவர் எப்படித் தெரிகிறார் என்பது சின்ன வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினேழு வயதில் மாஸ்கோ குழந்தைகள் நாடக அரங்கில் இசை நடத்த ஆரம்பித்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் போரிஸ் காய்கினிடம் படித்தார். கூடவே நெமிரோவிச்-தான்சென்கோ இசை நாடக அரங்கில் உதவியாளர் வேலை. பிறகு லெனின்கிராடில் மாலி ஓபரா அரங்கு. 1938-ல் மாஸ்கோவில் அனைத்து யூனியன் இசைநடத்துநர் போட்டி நடந்தது. முதல் பரிசு மிராவின்ஸ்கிக்கு. 24 வயது கோண்ட்ராஷினுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். இந்த இருவரும் 24 வருடம் கழித்து வேறொரு இடத்தில் மறுபடி எதிரெதிரே வருவார்கள்.

போரின்போது மாலி அரங்கு யூரல் பக்கம் இருக்கும் ஒரென்பர்குக்கு இடம் மாற்றப்பட்டது. 1943-ல் கோண்ட்ராஷின் மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் சேர்ந்தார். 13 வருடம் அங்கே. 1948, 1949 என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டாலின் பரிசுகள். கட்சி உறுப்பினர். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். பின்னால் வரும் கதையைப் படித்துவிட்டு இவர் ஆரம்பத்திலிருந்தே ஒரு எதிர்ப்பாளர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த அமைப்புக்குள் ஒழுங்காகப் படியேறி வந்தவர்தான்.

1956-ல் பொல்ஷோயை விட்டார். ஓபராவில் இருந்தால் நிரந்தரம், சம்பளம், அந்தஸ்து எல்லாம் உண்டு. அதை விட்டுவிட்டு சிம்பொனி கச்சேரிகளுக்குப் போனார்.

1958: டெக்சாஸ் பையன்

அடுத்த திருப்பம் ஓர் அமெரிக்கர் மூலமாக வந்தது. 1958 வசந்தத்தில் மாஸ்கோவில் முதல் சர்வதேச சைகோவ்ஸ்கி போட்டி நடந்தது. சோவியத் இசைக்கல்வி எவ்வளவு உயர்ந்தது என்று உலகத்துக்குக் காட்டத்தான் இந்தப் போட்டியே. முந்தின வருடம்தான் ஸ்புட்னிக் பறந்திருந்தது. பியானோ பிரிவில் ஜெயித்தது யார் என்றால், டெக்சாஸிலிருந்து வந்த 23 வயது வான் கிளைபர்ன். நடுவர் குழுத் தலைவர் எமில் கிலெல்ஸ். அமெரிக்கருக்குப் பரிசு கொடுக்கலாமா என்ற கேள்வி குருஷ்சேவ் வரைக்கும் போய், அவர் சரி என்ற பிறகுதான் அறிவித்தார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை.

இறுதிச் சுற்றில் சைகோவ்ஸ்கியின் முதல் பியானோ கன்செர்ட்டோவையும் ரக்மானினோவின் மூன்றாவதையும் கிளைபர்ன் வாசித்தபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் கோண்ட்ராஷின். கிளைபர்னுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. ஊருக்குத் திரும்பிய பிறகு, எனக்கு இவரே வேண்டும் என்று கேட்டு அமெரிக்காவுக்கு வரவழைத்தார். பனிப்போர் தொடங்கிய பிறகு அமெரிக்கா போன முதல் சோவியத் இசைநடத்துநர் கோண்ட்ராஷின்தான். மே 19-ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. மறுநாள் கிளைபர்னுக்கு நியூயார்க் தெருவில் காகிதத் துண்டுகள் தூவி ஊர்வலம். அந்த மாத இறுதியில் இருவரும் சேர்ந்து பதிவு செய்த சைகோவ்ஸ்கி கன்செர்ட்டோ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. செவ்வியல் இசைத்தட்டு ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் முறை.

இன்றைக்கும் பல வீடுகளில் கோண்ட்ராஷின் பெயர் இருப்பது அந்த உறையில்தான், கிளைபர்ன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில். கன்செர்ட்டோவில் தனிக்கலைஞருக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொடுப்பது தனிக் கலை. 1961-ல் லண்டனில் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் லிஸ்ட்டின் இரண்டு கன்செர்ட்டோக்களையும் பதிவு செய்தபோதும் கூட இருந்தவர் இவர். வயலின் மேதை டேவிட் ஓய்ஸ்ட்ராக்கும் இவரோடு நிறைய வாசித்திருக்கிறார்.

25 வருடம் பெட்டிக்குள் கிடந்த சிம்பொனி

1960-ல் மாஸ்கோ பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் தலைமைப் பொறுப்பு வந்தது. 1975 வரை 15 வருடம். அவருடைய முக்கியமான வேலையெல்லாம் இந்தக் காலத்தில்தான்.

முதல் பெரிய விஷயம் ஷோஸ்டகோவிச்சின் நான்காவது சிம்பொனி. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1936 ஜனவரியில் ஸ்டாலின் ஷோஸ்டகோவிச்சின் ‘லேடி மேக்பெத்’ ஓபராவைப் பார்க்கப் போனார். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28-ஆம் தேதி, பிராவ்தா நாளிதழில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தது. இது இசையே இல்லை, வெறும் குழப்பம் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் பிராவ்தா அப்படி எழுதினால் விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, எச்சரிக்கை. அந்தச் சமயத்தில் ஷோஸ்டகோவிச் நான்காவது சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்தார். அந்த வருட இறுதியில் லெனின்கிராடில் ஒத்திகையும் நடந்தது. ஆனால் அரங்கேறுவதற்கு முன்பே திரும்பப் பெற்றுக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த நேரம். அது தானாக எடுத்த முடிவா, எடுக்க வைக்கப்பட்டதா என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

போரில் மூலக் கையெழுத்துப்படியும் தொலைந்துபோனது. நல்லவேளையாக, 1936 ஒத்திகைக்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிக்கொடுத்த தாள்கள் லெனின்கிராட் பில்ஹார்மோனிக் நூலகத்தில் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று வைத்து முழு இசைக்குறிப்பை மீட்டார்கள்.

மாஸ்கோ பில்ஹார்மோனிக்கின் நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் பொறுப்பிலிருந்தவர் மோய்சே கிரின்பர்க். இந்தச் சிம்பொனியை எடுத்துச் செய்யலாமே என்று கோண்ட்ராஷினிடம் சொன்னவர் அவர். கோண்ட்ராஷின் ஷோஸ்டகோவிச்சைக் கேட்டார். வாசிக்கத் தகுந்ததுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கிப்போனவர், ஒரு சுரத்தையும் மாற்றாமல் அப்படியே வாசிக்கலாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

1961 டிசம்பர் 30, மாஸ்கோ கன்சர்வேட்டரி பெரிய அரங்கு. எழுதி 25 வருடம் கழித்து முதல் அரங்கேற்றம். நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஏறக்குறைய ஒரு மணி நேர இசை. பெரிய வெற்றி. ஷோஸ்டகோவிச்சுக்கு இவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த நாளிலிருந்துதான் என்று சொல்லலாம். அந்த நம்பிக்கைக்கு அடுத்த டிசம்பரிலேயே சோதனை வந்தது.

பாபி யார்

1941 செப்டம்பர் 29, 30. கீவ் நகரத்துக்கு வெளியே பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் நாஜிப் படைகள் சுட்டுக்கொன்ற யூதர்களின் எண்ணிக்கை 33,771. இது ஜெர்மானியர்களே எழுதிவைத்த கணக்கு. போருக்குப் பிறகு சோவியத் அரசு அங்கே இறந்தவர்களைப் பொதுவாக ‘சோவியத் குடிமக்கள்’ என்றே குறிப்பிட்டது. யூதர்கள் என்ற சொல்லைத் தவிர்த்தது. நினைவுச்சின்னமும் வைக்கவில்லை. 1961 செப்டம்பரில் இளம் கவிஞர் யெவ்துஷென்கோ இதைக் கேள்வி கேட்டு ஒரு கவிதை எழுதினார். லிதெரதுர்னயா கெசெட்டாவில் அது வந்ததும் பெரிய புயல். நாஜிகளைத் திட்டியதால் வந்த புயல் இல்லை. நம் ஊரிலேயே யூத வெறுப்பு இருக்கிறது என்று சொன்னதுதான் பிரச்சினை.

1962-ல் ஷோஸ்டகோவிச் அந்தக் கவிதைக்கு இசையமைத்தார். பிறகு யெவ்துஷென்கோவின் இன்னும் நான்கு கவிதைகளைச் சேர்த்து ஐந்து பகுதிகளாக விரித்தார். பாபி யார், நகைச்சுவை, கடையில், அச்சங்கள், தொழில்வாழ்க்கை. தனியாகப் பாட ஒரு பாஸ் குரல், கூடவே முழுக்கப் பாஸ் குரல்களே கொண்ட ஆண்கள் கோரஸ், பெரிய ஆர்கெஸ்ட்ரா. இதுதான் பதின்மூன்றாவது சிம்பொனி.

நடத்துவதற்கு முதலில் மிராவின்ஸ்கியைக் கேட்டார்கள். அதுதான் இயல்பு. ஐந்தாவது, ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாவற்றையும் முதலில் மேடையேற்றியவர் அவர். எட்டாவது அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது. இந்த முறை அவர் விலகிக்கொண்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கோரஸ் வரும் படைப்புகளை அவர் விரும்புவதில்லை, கட்சியின் நெருக்கடி என்று காரணங்கள் பலவிதமாகச் சொல்லப்படுகின்றன. மனைவியின் நோய் உண்மையானது. ஆனால் இருவருக்குமான நட்பு அதற்குப் பிறகு பழையபடி ஆகவேயில்லை.

ஷோஸ்டகோவிச் கோண்ட்ராஷினிடம் வந்தார். அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்த சிக்கல் பாடகர். ஷோஸ்டகோவிச் மனதில் இருந்தவர் கீவில் வசித்த போரிஸ் கிமிரியா. போரின்போது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் உக்ரைனில் தங்கிப் பாடியவர் என்பதால் ஏற்கெனவே அவர்மேல் ஒரு கண் இருந்தது. அங்கிருந்த கட்சித் தலைமையைக் கலந்தார். வேண்டாம் என்றார்கள். அவரும் மறுத்து எழுதிவிட்டார். பிறகு பொல்ஷோய் அரங்கின் விக்தர் நெச்சிபாய்லோ ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் கோண்ட்ராஷின் ஒரு காரியம் செய்தார். நெச்சிபாய்லோ இருக்கும்போதே, விதாலி கிரமாத்ஸ்கி என்ற இன்னொரு இளம் பாஸ் பாடகரையும் முழுப் படைப்புக்கும் தயார் செய்துவைத்தார். வெளியே இருந்து பார்த்தால் சாதாரண ஏற்பாடு. ஓபராவில் இருபது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம். எந்தப் பாடகருக்கும் எந்த நாளிலும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

காலநிலையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1962 நவம்பரில் சோல்ஷெனிட்சினின் முகாம் நாவல் நோவி மிர் இதழில் அச்சாகிறது. ஆகா, பனி உருகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி குருஷ்சேவ் மானேஷ் ஓவியக் கண்காட்சிக்குப் போய் நவீன ஓவியர்களைக் கண்டபடி திட்டுகிறார். டிசம்பர் 17-ஆம் தேதி எழுத்தாளர்கள், கலைஞர்களை வரவழைத்து ஒரு நீண்ட கூட்டம். அதில் யெவ்துஷென்கோவின் கவிதையும் அடிபடுகிறது. அரங்கேற்றம் அடுத்த நாள், டிசம்பர் 18.

18-ஆம் தேதி காலை. கடைசி ஒத்திகை. நெச்சிபாய்லோ வரவில்லை. அன்று இரவு பொல்ஷோயில் ஓபரா. பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு இவர்தான் பாட வேண்டும் என்று அரங்கு நிர்வாகம் பிடித்துக்கொண்டது. யாரும் எதையும் தடை செய்யவில்லை, பாருங்கள். ஓர் ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். கிரமாத்ஸ்கியைக் கூப்பிட்டார்கள். வந்தார். ஒத்திகை தொடர்ந்தது.

நடுவில் கோண்ட்ராஷினுக்குத் தொலைபேசி. ரஷ்யக் குடியரசின் கலாச்சார அமைச்சர் போபோவ். கோண்ட்ராஷின் பின்னால் சொன்னபடி, அமைச்சர் முதலில் அவருடைய உடல்நலத்தை விசாரித்தார். இன்று இரவு நடத்த முடியாதபடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார் இவர். அப்படியானால் முதல் பகுதியை விட்டுவிட்டு வாசிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முதல் பகுதி என்றால் பாபி யார். முடியாது, படைப்பின் வடிவமே கெட்டுப்போகும் என்றார் கோண்ட்ராஷின். அதோடு ஒரு நடைமுறைக் காரணத்தையும் சேர்த்தார்: இப்படி ஒரு பகுதி இருக்கிறதென்று மாஸ்கோ முழுக்கத் தெரியும், விட்டுவிட்டால் தேவையில்லாத பேச்சு கிளம்பும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். கடைசியில், உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள் என்று அமைச்சர் வைத்துவிட்டார்.

இந்த உரையாடலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதில் மிரட்டல் என்று ஒரு சொல்கூட இல்லை. எழுத்தில் உத்தரவு கிடையாது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் அவரைக் கோழை என்றிருக்க முடியாது. நாளைக்கு நடத்தவும் தடையில்லை. அமைச்சரே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த வாசல் வழியாகப் போகாமலிருப்பதுதான் அங்கே தேவைப்பட்ட தைரியம். அதுவும் அமைச்சருக்கே புரியும் மொழியில், தடுத்தால் உங்களுக்குத்தான் தலைவலி என்று சொல்லி.

இரண்டாவது பாடகர் விஷயமும் அப்படித்தான். அன்று காலை கோண்ட்ராஷின் எவ்வளவு உறுதியாக இருந்திருந்தாலும், கிரமாத்ஸ்கி தயாராக இல்லையென்றால் கச்சேரி இல்லை. பல வாரங்களுக்கு முன்னால் போட்ட ஏற்பாடு அன்று காப்பாற்றியது.

அன்று இரவு கன்சர்வேட்டரி பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. அரசுப் பிரமுகர்களுக்கான இருக்கைகள் மட்டும் காலி. தொலைக்காட்சி ஒளிபரப்பு ரத்து. நிகழ்ச்சித் தாளில் பாடல் வரிகளை அச்சிடவில்லை. வாசித்து முடித்ததும் கைதட்டல் ஓயவேயில்லை. டிசம்பர் 20-ஆம் தேதி இரண்டாவது முறை. அந்த இரவின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. பத்திரிகைகளில் மட்டும் விமர்சனம் என்று சொல்லும்படி ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பிறகு நடந்தது

கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வரலாறு அப்படி முடியவில்லை.

வரிகளை மாற்றாவிட்டால் இனி இந்தச் சிம்பொனி மேடையேறாது என்று சொல்லிவிட்டார்கள். யெவ்துஷென்கோ முதல் பகுதியில் சில வரிகளை மாற்றிக்கொடுத்தார். அந்தப் பள்ளத்தில் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் யூதர்களோடு கிடக்கிறார்கள் என்ற தொனி சேர்ந்தது. 1963 பிப்ரவரியில் மாஸ்கோவில் அந்த மாற்றிய வரிகளோடு நடந்த கச்சேரிகளை நடத்தியவரும் கோண்ட்ராஷின்தான். பின்னால் மெலோடியா நிறுவனத்துக்காக அர்தூர் ஐசனை வைத்து அவர் செய்த பதிவிலும் மாற்றிய வரிகளே இருக்கின்றன.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? டிசம்பரில் முதல் பகுதியை விட மறுத்தவர் பிப்ரவரியில் வரி மாற்றத்துக்கு இணங்கியிருக்கிறார். சமரசம்தான், மறுக்க முடியாது. இணங்காமலிருந்தால் சிம்பொனி இன்னொரு 25 வருடம் பெட்டிக்குள் போயிருக்கலாம். நான்காவதின் கதையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவருக்கு அது வெறும் கற்பனையாக இருந்திருக்காது. வரி போனாலும் இசை மாறவில்லை. மூல வரிகள் என்னவென்று கேட்பவர்களுக்குத் தெரியும். அதை அவர் போட்ட கணக்காக எடுத்துக்கொள்ளலாம். சரியா தப்பா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தச் சிம்பொனியின் கடைசிப் பகுதியின் பெயரே தொழில்வாழ்க்கை. கலிலியோவைப் பற்றியது. உண்மை தெரிந்தும் குடும்பத்தை நினைத்து வாய்மூடி இருந்துவிட்டவர்களுக்கும், பேசிவிட்டவர்களுக்கும் நடுவில் யாருடையது உண்மையான தொழில்வாழ்க்கை என்று கேட்கிறது. இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நின்றுபார்த்த ஒருவர் அதை நடத்தியிருக்கிறார்.

15 வருட உழைப்பு

மாஸ்கோ பில்ஹார்மோனிக்கில் அவர் கட்டியெழுப்பிய நிகழ்ச்சிப் பட்டியல் பெரியது. ஷோஸ்டகோவிச்சின் 15 சிம்பொனிகளையும் முழுசாகப் பதிவு செய்த முதல் இசைநடத்துநர் அவர்தான். ‘ஸ்தெபான் ராசினின் மரணதண்டனை’ 1964-ல், இரண்டாவது வயலின் கன்செர்ட்டோ 1967-ல் ஓய்ஸ்ட்ராக்குடன் என்று முதல் அரங்கேற்றங்களும் தொடர்ந்தன. மீச்சிஸ்லாவ் வெயின்பர்க் என்ற இசையமைப்பாளரை இன்று உலகமே புதிதாகக் கண்டெடுத்துக் கொண்டாடுகிறது. அவருடைய ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகளை 1960-களின் தொடக்கத்திலேயே மேடையேற்றியவர் கோண்ட்ராஷின். ஐந்தாவது அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டது.

இன்னொரு பெரிய காரியம் மாலர். 1920-களிலும் 30-களிலும் லெனின்கிராடில் மாலரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பிந்தைய கலாச்சாரக் கெடுபிடிகளில் அவர் பெயர் மங்கிப்போனது. 1960-களில் கோண்ட்ராஷின் ஒவ்வொன்றாக மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். பாடல் வரும் இடங்களை ரஷ்ய மொழியிலேயே பாடவைத்துப் பதிவு செய்தார்.

கேட்டுப் பார்த்தால் அவர் பாணி உடனே பிடிபடும். வேகம் கூடுதல். உணர்ச்சியைத் தேன்போல ஒழுகவிடுவதில்லை. எந்த வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று தனித்தனியாகக் காதில் விழும். பிற்காலத்தில் கையில் கோலே வைத்துக்கொள்ளாமல் வெறும் கையாலேயே நடத்தினார். 1972-ல் சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர் பட்டம் வந்தது. அதற்குமேல் அங்கே ஒரு இசைக்கலைஞருக்குப் பட்டம் இல்லை. 1975-ல் ஆர்கெஸ்ட்ராவை விட்டார். கன்சர்வேட்டரியில் பாடம் நடத்துவதும், விருந்தினராக நடத்துவதும் என்று போனது.

ஆம்ஸ்டர்டாம்

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் நடத்த வேண்டுமென்றால் கோஸ்கன்செர்ட் என்ற அரசு அமைப்பு வழியாகத்தான். யாரை எப்போது அனுப்புவது என்பது அதன் முடிவு. வெளிநாட்டில் கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி அரசுக்குப் போய்விடும். 1974-ல் ரோஸ்ட்ரோபோவிச்சும் விஷ்னெவ்ஸ்கயாவும் வெளியேறினார்கள். 1978 மார்ச்சில் அவர்கள் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1977-ல் ருடால்ஃப் பார்ஷாய் போனார். ஷோஸ்டகோவிச் 1975-லேயே இறந்துவிட்டார்.

1968-லிருந்து ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ ஆர்கெஸ்ட்ராவை விருந்தினராக நடத்தி வந்த கோண்ட்ராஷின், 1978 டிசம்பரில் நெதர்லாந்தில் இருந்தபோது ஊர் திரும்பப்போவதில்லை என்று அறிவித்து அடைக்கலம் கேட்டார். வயது 64. எல்லாப் பட்டங்களும் வாங்கியாகிவிட்டது. குடும்பம் மாஸ்கோவில். அந்த வயதில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். திரும்ப ஆரம்பித்தார்.

ஊரில் அதற்குப் பதில் வழக்கமான முறையில் கிடைத்தது. இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து போயின. வானொலியில் பெயர் போனது. சோவியத் இசைவரலாற்றில் 40 வருடம் வேலை செய்த ஒருவர் ஒரே வாரத்தில் இல்லாதவர் ஆனார். நான்காவது சிம்பொனிக்கு 1936-ல் நடந்தது 1978-ல் அதை மீட்டவருக்கே நடந்தது.

கான்செர்ட்கெபௌவில் பெர்னார்ட் ஹைட்டிங்குக்கு அடுத்த இடத்தில் நிரந்தர விருந்தினர் நடத்துநராக இருந்தார். 1979-ல் அங்கே பதிவு செய்த ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹெராசாட்’ இன்றுவரை அந்தப் படைப்பின் சிறந்த பதிவுகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 1980 டிசம்பரில் மியூனிக்கில் பவேரிய வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பதின்மூன்றாவது சிம்பொனி. அந்தத் தொலைபேசி அழைப்புக்குச் சரியாக 18 வருடம் கழித்து. இந்த முறை யாரும் உடல்நலம் விசாரித்திருக்க மாட்டார்கள். அதே ஆர்கெஸ்ட்ராவுக்கு 1982-லிருந்து தலைமை நடத்துநராகப் பொறுப்பேற்பதாக முடிவும் ஆகியிருந்தது.

1981 மார்ச் 7. ஹாம்பர்க் வானொலி ஆர்கெஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாமுக்கு வந்திருந்தது. நடத்த வேண்டியவர் கிளாஸ் டென்ஸ்டெட். அவரால் முடியாமல் போக, கடைசி நேரத்தில் கோண்ட்ராஷினைக் கேட்டார்கள். தனக்குப் பழக்கமில்லாத ஆர்கெஸ்ட்ரா, ஒத்திகைக்குப் பெரிதாக அவகாசமில்லை. மாலரின் முதல் சிம்பொனி. போய் நடத்தினார். அன்று இரவே மாரடைப்பில் இறந்தார். முந்தைய நாள்தான் 67-வது பிறந்தநாள். அடுத்த மாதம் ஷோஸ்டகோவிச்சின் மகன் மாக்சிமும் மேற்கு ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டார்.

எங்கே ஆரம்பிப்பது?

இதுவரை இவரைக் கேட்டதில்லை என்றால், நேராக ஷோஸ்டகோவிச்சுக்குப் போக வேண்டாம். ‘ஷெஹெராசாட்’ பதிவில் ஆரம்பியுங்கள். கதை சொல்லும் இசை, சுலபமாக உள்ளே இழுக்கும். அடுத்து கிளைபர்னோடு சைகோவ்ஸ்கி. இந்த முறை பியானோவை விட்டுவிட்டுப் பின்னால் நடப்பதைக் கவனியுங்கள். பிறகு நான்காவது சிம்பொனி. 1981 மார்ச் 7-ஆம் தேதியின் மாலரும் பதிவாகி வெளிவந்திருக்கிறது. அதில் தெரிவது கடைசி நாளின் சோகம் ஒன்றுமில்லை. வேலை தெரிந்த ஒருவர் அறிமுகமில்லாத நூறு பேரை ஒரு மணி நேரத்துக்குள் தன் கைக்குக் கொண்டுவருவதுதான்.

கடைசியாக 1962 டிசம்பர் 20-ஆம் தேதி பதின்மூன்றாவது. ஒலித்தரம் சுமார்தான், இருமல் சத்தமெல்லாம் கேட்கும். பாடுபவர் கிரமாத்ஸ்கி. அவர் அங்கே நிற்பது தற்செயல் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.